மருமகன் விட்டுச்சென்ற நான்கு நரம்புகள்

தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை தருக எனத் துறைத்தலைவர் பணித்தபோது, சீறாப்புராணத்து உவமைகள் பற்றியோ கிஸ்ஸா, நாமா இலக்கியங்கள் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர் எண்ணியிருப்பார். நாமும் அவ்வாறே எண்ணித்தான் தாளை விரித்து வைத்தோம். ஆனால் கடந்த சில திங்களாக நம் கையில் புரள்வது ஏடு அன்று; திருகாணி முடுக்கும் ஆலன் கீ. ஆகவே, பேஸ் கிதார் என்னும் மேனாட்டு இசைக்கருவியையும், ஹெவி மெட்டல் எனப்படும் முழக்க இசையில் அது பெறும் இடத்தையும் பற்றி, நமக்கு நேர்ந்தவற்றோடு சேர்த்து எழுதத் துணிந்தோம். பெரியோர் பொறுத்தருள்க. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நிலவும் கருத்துகளை ஆராயும் தகுதி நமக்கு இல்லை. அந்த வாயிலை நாம் தட்டவும் இல்லை.

நம் லாத்தாவின் மகன் பொறியியல் படிப்பதற்காக 2014ஆம் ஆண்டு நம் வீட்டுக்கு வந்தான். நம்முடையது கடலோர ஊர். மாடியில் இருந்த ஒற்றை அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு, மூன்றாம் ஆண்டில் பழைய பேஸ் கிதார் ஒன்றை வாங்கி வந்தான். கறுப்பு நிறம், நீண்ட கழுத்து, தடித்த நான்கு கம்பிகள். கிதாருக்கு ஆறு கம்பி என்ற அளவில் நாமும் அறிவோம். “மீதி இரண்டு கம்பி எங்கேடா?” என்று கேட்டோம். “இதுக்கு நாலுதான் மாமா” என்று சிரித்தான்.

அந்தக் கருவியின் வரலாறு நீண்டதன்று. மேனாட்டு இசைக்குழுக்களில் கீழ்ச்சுருதி தந்துவந்தது டபிள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவி. அதைத் தூக்கிச் செல்வதும் கடினம்; முரசொலிக்கு நடுவே அதன் ஓசை எடுபடுவதும் கடினம். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்னும் ஊரில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின் பேஸ் கிதாரை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற உலோகப் பட்டைகளைக் கழுத்தில் பதித்ததனால் சுரம் பிசகாமல் நின்றது. அதனாலேயே ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்று பெயரிட்டார். இத்தனைக்கும் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. மருமகன் வாங்கியது அந்த அமைப்பைப் பார்த்துச் செய்த மலிவான படி.

பழந்தமிழர் இசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலை சொல்வர். பேஸ் கிதார் முழுவதும் மெலிவில் வாழும் கருவி. அதன் மிகத் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. மனிதச் செவியின் கீழெல்லை ஏறத்தாழ 20 என்பர். அந்தக் கம்பியின் ஒலியலை ஒன்று காற்றில் எட்டு மீட்டருக்கும் மேலாக நீளும். நம் வீட்டுக் கூடத்தின் நீளமே ஆறு மீட்டர்தான். குழந்தையின் அழுகையைத் தடுத்துவிடும் சுவர் இத்தகைய ஒலியைத் தடுப்பதில்லை. அது சுவரையே அதிரச் செய்து அப்பால் போய்விடும். இவற்றையெல்லாம் அன்று நாம் அறியோம். அறிந்திருந்தால் அன்று மாலை வேறுவிதமாகப் பேசியிருப்போமோ என்னவோ.

அவன் இரவுகளில் மின்னிணைப்பு இல்லாமல் மெல்ல வாசித்துப் பழகினான். நமக்குத் தொல்லை இல்லை. 2017இல் ஒருநாள், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், நண்பன் ஒருவன் ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்து மாடியில் இறக்கினான். அஸருக்குப் பின் தொடங்கினார்கள். அடுத்த வீட்டில் நெஞ்சுநோயுற்றுப் படுத்திருந்த முதியவரின் கட்டில் அதிர்கிறதென்று அவர் மகன் வந்து நின்றார். அவர் கடிந்து பேசவில்லை. கெஞ்சும் குரலில் சொன்னார். அதுவே நமக்குத் தலைகுனிவாயிற்று. படியேறிப் போய், நண்பர்கள் முன்னிலையில், “இது இசையா? தகரக் கடை இரைச்சல். உன் வாப்பா பாலையில் உழைப்பது இதற்காகத்தானா?” என்றோம். அந்தக் கடைசி வாக்கியம் வேண்டாததென்று சொல்லி முடிப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்தது. ஆனாலும் சொல்லி முடித்தோம். போட்டிக்குப் போகக் கூடாதென்றும் தடுத்தோம்.

அவன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நண்பர்கள் பேஸ் இல்லாமலேயே மேடையேறினர். சில நாள் கழித்துச் சோற்றுத்தட்டின் முன் இருந்தவாறே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னான்: “நான் இல்லைன்னு யாருக்கும் தெரியல மாமா. பாட்டுல ஏதோ குறையுதுன்னு மட்டும் சொன்னாங்களாம்.”

2018இல் படிப்பு முடிந்து தம்மாமுக்கு வேலைக்குப் போனான். போகும்போது கருவியை உறையிலிட்டு நம்மிடம் தந்து, “கம்பியக் கொஞ்சம் தளர்த்தி வைங்க மாமா, வெக்கை படாத இடமா வைங்க” என்றான். ஆகட்டும் என்றோம். அலமாரியின் மேல், வெயில் இறங்கும் தளத்துக்கு ஒரு முழத்துக்குக் கீழே, தளர்த்தாமல் வைத்தோம். ஏழாண்டு. இடையில் இருமுறை விடுப்பில் வந்தான். அதைப் பற்றி அவன் கேட்கவில்லை; நாமும் சொல்லவில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று, பிளாக் சாபத் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் காலமானார். இரண்டே வாரத்துக்கு முன்பு, ஜூலை 5 அன்று, அக்குழுவின் முதல் நால்வரும் இருபதாண்டுக்குப் பின் ஒன்றுகூடி, தம் பிறந்த ஊராகிய பர்மிங்காமின் வில்லா பார்க் விளையாட்டரங்கில் விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தியிருந்தனர். மறுநாள் மருமகனிடமிருந்து செய்தி வந்தது. ஒரே வரி: “மாமா, அந்தக் கிதார் இருக்கா?”

இருந்தது. உறையைத் திறந்தபோது கடற்காற்றின் வேலை தெரிந்தது. கம்பிகள் துருவேறிச் செம்மண் நிறம் கொண்டிருந்தன. கழுத்து வில்போல் முன்னோக்கி வளைந்து, கம்பிக்கும் மெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. கூடவே இருந்த சிறு மிதிபெட்டியில் விடப்பட்டிருந்த மின்கலம் கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. நாம் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் சீவக சிந்தாமணியின் இசைச் செய்திகள். காந்தருவதத்தையின் அவையில் தன்னிடம் நீட்டிய யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாகத் தள்ளியதையும், ஒன்றின் மரம் நீரில் நின்று கெட்டது, ஒன்று இடியுண்டது என்று குற்றம் கண்டதையும், நரம்பின் முறுக்கை அவிழ்த்து உள்ளிருந்த மயிரைக் காட்டியதையும் ஆண்டுதோறும் வகுப்பில் சுவைபடச் சொல்லி வருகிறோம். மரமும் நரம்பும் எவ்வாறு கெடும் என்று இருபதாண்டாகப் பாடம் நடத்துபவர் வீட்டில், ஒரு கருவி அவர் தலைக்கு மேலேயே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

“இருக்கிறது, நன்றாக இருக்கிறது” என்று பதில் எழுதினோம். அந்தப் பொய்யை மெய்யாக்க வேண்டிய கடமையும் நமக்கு வந்து சேர்ந்தது.

திருநெல்வேலியில் தேவாலயப் பாடற்குழுக்களின் கிதார்களைச் செப்பனிடும் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். கருவியை ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நெடுகப் பார்த்தார், துப்பாக்கி குறி பார்ப்பவரைப்போல. “மரம் முறுகல பாய். வளஞ்சுதான் இருக்கு. வளஞ்சத நிமித்தலாம், முறுகுனாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். நமக்கு மூச்சு வந்தது.

கழுத்தின் உள்ளே ட்ரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டு ஒன்று ஓடுகிறது. நான்கு கம்பிகளும் சுருதி சேர்ந்து நிற்கையில், ஏறத்தாழ 80 கிலோ பாரம் அந்தக் கழுத்தை முன்னோக்கி இழுக்கிறது. தண்டு அதற்கு எதிராகப் பின்னோக்கி இழுக்கிறது. இரண்டும் ஒத்து நிற்கும்போதுதான் கழுத்து நேராகும். முற்றும் நேராகவும் கூடாது. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்தினால், நடுவே ஏழாம் எட்டாம் மெட்டருகில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கம்பி அதிர்வதற்கு அந்த இடம் வேண்டும். அண்ணாச்சி ஆலன் கீயை நம் கையிலேயே கொடுத்தார். “கால் திருப்புக்கு மேல போவாதிய. திருப்பிட்டு ஒரு ராத்திரி விட்டுருங்க. மரத்துக்கு நேரம் வேணும்லா” என்றார். ஒரே மூச்சில் முடுக்கித் தண்டை முறித்தவர்கள் பலராம். ஒன்பது இரவு ஆயிற்று நமக்கு.

கம்பி பற்றிய செய்தி நம் இல்லத்தாரையும் உட்படுத்திற்று. பேஸ் கம்பி என்பது ஒற்றைக் கம்பி அன்று. நடு எஃகின்மேல் மெல்லிய கம்பியைச் சுருள்சுருளாகச் சுற்றியது. விரலின் எண்ணெயும் அழுக்கும் அச்சுருள்களின் இடுக்கில் ஏறினால் ஓசை மழுங்கிவிடும். கையில் காசில்லாத வாசிப்பாளர்கள் அவற்றைக் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் வேகவைத்துத் துடைத்து மீண்டும் கட்டுவதுண்டு. சில நாளைக்குத் தெளிந்து ஒலிக்கும். மருமகன் விட்டுச்சென்ற குறிப்பேட்டில் இதைப் படித்துவிட்டு, அண்ணாச்சி புதுக்கம்பி வரவழைப்பதற்குள் நாமும் செய்து பார்ப்போமே என்று பால் காய்ச்சும் ஏனத்தில் போட்டுவிட்டோம். அதன் பின் நிகழ்ந்ததை மலரில் எழுத இயலாது. துருப்பிடித்த கம்பி வெந்தாலும் துருவே என்பதையும் அன்று கற்றோம்.

மற்றவை சிறு சிறு வேலைகள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைக்க வேண்டும். கடலூரில் மட்டுமன்று, எந்தக் கடலோர ஊரிலும் இது தவறாகாது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட வேண்டும். மிதிபெட்டியில் மின்கலத்தை விட்டுவைக்கலாகாது. திருகும்போது கரகரவென்று ஒலிக்கும் குமிழ்களுக்குள் தூய்மைத் திரவம் ஒரு துளி விட வேண்டும். விரல் பலகை ஈட்டி மரம். உலகெங்கும் கிதார்களுக்கு இந்திய ஈட்டி மரமே பெரிதும் போகிறதென்று கேட்டபோது ஒரு சிறு பெருமிதம் தோன்றிற்று. அதற்குத் தேங்காயெண்ணெய் தடவப் போனோம். அண்ணாச்சி கையைப் பிடித்துத் தடுத்து, எலுமிச்சை எண்ணெய் சில துளி தந்தார்.

இவ்வளவு செய்தபின் அந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தோம். நாற்பது பக்கம். அவன் கையெழுத்து சிறியது. வாசிப்பாளர் சிலரைப் பற்றியும், அவர்கள் வழிமுறை பற்றியும் எழுதியிருந்தான். அவற்றைப் பிறகு நாமும் தேடிப் படித்தோம், கேட்டோம்.

பிளாக் சாபத் என்ற பெயரைக் கேட்டாலே அச்சம் தோன்றும். 1963இல் வந்த திகில் படம் ஒன்றின் பெயர் அது. பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வர் 1968இல் கூடிய குழு. கிதார் வாசித்த டோனி ஐயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் ஆலையில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கை வாசிப்பாளராதலால் கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். நெகிழிக் குப்பியை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டினார். 1971இல் வந்த மூன்றாம் தொகுப்பில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழிறக்கினர். கனத்த அந்த ஓசையே பின்வந்தோர்க்கு இலக்கணமாயிற்று. அக்குழுவின் பேஸ் வாசிப்பாளர் கீஸர் பட்லர், 1949இல் பிறந்தவர், முன்பு கிதார் வாசித்தவர். குழுவில் கிதார் ஒன்றே. ஐயோமி தனித்து மேலேறி வாசிக்கையில் அடியில் வேறு தாங்கல் இல்லை. பேஸ் ஒன்றே தாளத்தையும் பண்ணையும் சுமக்க வேண்டும். பட்லர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தை 1970இல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பிலேயே கேட்கலாம். ‘என். ஐ. பி.’ என்னும் பாடல் அவருடைய தனி வாசிப்போடுதான் தொடங்குகிறது. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வில்லா பார்க்கிலும் அதனை வாசித்தார். அக்குழுவின் பாடல் வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. ‘வார் பிக்ஸ்’ என்னும் பாடலைச் சாத்தானுக்குரியதென்று நாம் எண்ணியிருந்தோம். அது வியட்நாம் போர்க் காலத்தில், ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கி நிற்கும் அதிகாரிகளைச் சாடியது. கேளாமலே தீர்ப்புச் சொல்லியிருந்தோம்.

அயர்ன் மெய்டன் குழுவைக் கட்டியவரே ஒரு பேஸ் வாசிப்பாளர், கிழக்கு லண்டன் லெய்ட்டன்ஸ்டோன் பகுதியைச் சேர்ந்த ஸ்டீவ் ஹாரிஸ். அவர் விரல்களாலேயே வாசிப்பவர். குதிரைப் பாய்ச்சல் என்று அவருடைய நடைக்கு ஒரு பெயர் உண்டு: ஒரு நீண்ட தட்டு, தொடர்ந்து இரு குறுந்தட்டு. மருமகன் இதை விளக்கக் கோடும் புள்ளியுமாக ஏதேதோ வரைந்து பார்த்திருந்தான். நாம் ஒருமுறை கேட்டதும் நம் வாய் தானே சொல்லிற்று: தானன தானன தானன. ஒரு நெடில், இரு குறில். அருணகிரியார் வழியில் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடினாரே, அந்தச் சந்தக் குடும்பத்துச் சீர்தான் இது. அன்றே அவன் நம்மிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்போம். கேட்கும் இடத்தில் நாம் இருந்தோமா என்பது வேறு.

மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி பேஸ் கிதாரை வெறும் கிதாராகவே கருதிப் பல கம்பிகளை ஒருசேர மீட்டியவர். அவர் தனி வழி. குறிப்பேட்டில் நெடுநேரம் நம்மை நிறுத்தியவர் மெட்டாலிகா குழுவின் கிளிஃப் பர்ட்டன். 1962இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் அண்ணனைப் பறிகொடுத்தபின் பேஸ் கற்கத் தொடங்கினார். பாக்கின் செவ்விசையில் தோய்ந்தவர். 1983இல் வந்த அவர்கள் முதல் தொகுப்பில் ஒரு முழுப்பகுதி அவருடைய பேஸுக்கே ஒதுக்கப்பட்டது. 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்ததில் இறந்தார், வயது 24. மகன் பெயரால் வந்த உரிமைத் தொகையை அவர் தந்தையார், மகன் படித்த பள்ளியில் இசை பயிலும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையாக அளித்துவந்தார். பர்ட்டனுக்குப் பின் வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். 1988இல் அக்குழு வெளியிட்ட தொகுப்பில், ஒலிகளைக் கலக்கும்போது பேஸை மிகத் தாழ்த்திவிட்டார்கள். அவர் வாசித்தது உண்மை. பதிவில் அது கேட்பதே அரிது. கிதாரும் முரசும் கூர்மையாக, உலர்ந்து, எலும்பாக ஒலிக்கின்றன. இன்றளவும் கேட்போர் அதைச் சொல்லிக் குறைப்படுகின்றனர். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மருமகன் மையால் ஒரு தேதி குறித்திருந்தான். 2017இல் அந்தப் போட்டி நடந்த நாள். வேறொன்றும் எழுதவில்லை.

கடைசிப் பக்கம் காது பற்றியது. 100 டெசிபல் ஒலியின் முன் காப்பில்லாமல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கலாகாதென்று அமெரிக்கத் தொழில் நலத்துறையினர் வகுத்த அளவைக் குறித்துவைத்து, செவியடைப்பான் வாங்க வேண்டும் என்று எழுதி, வாங்கியதும் அடித்திருந்தான். இரைச்சல் என்று சத்தமிட்ட நாம் அவன் காதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை.

புதுக்கம்பி வந்தது. அண்ணாச்சி சொன்னபடி பாலத்தின் திருகுகளைச் சரிசெய்தோம். பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் சரிபாதி. அங்கே கம்பியை அழுத்தாமல் தொட்டு மீட்டிய ஓசையும் அழுத்தி மீட்டிய ஓசையும் ஒன்றாக வேண்டும். அழுத்திய ஓசை ஏறி நின்றால் கம்பியின் நீளத்தைச் சிறிது கூட்ட வேண்டும். இதை நான்கு கம்பிக்கும் முடித்த நாள் வெள்ளிக்கிழமை. இஷாவுக்குப் பின் தம்மாமுக்குப் பேசினோம். இதுவரை எழுதியது அத்தனையும் அவனிடம் சொன்னோம், அலமாரி உட்பட, பொய் உட்பட. மாடியில் அன்று சொன்ன சொல்லையும் எடுத்துச் சொல்லி, தவறு என்றோம். மறுமுனையில் சற்று நேரம் ஏதும் இல்லை.

“அடிச்சுக் காட்டுங்க மாமா” என்றான்.

தடித்த கம்பியை மீட்டினோம். நம் மார்பில் அது அதிர்ந்தது. “கேக்கல மாமா. டக்குன்னு ஒரு சத்தந்தான் வருது. அவ்வளவு கீழ ஃபோன்ல வராது” என்றான். பிறகு அவனே சொல்லிக்கொடுத்தான். தடித்த கம்பியை ஐந்தாம் மெட்டின் நேர் மேலே மெல்லத் தொட்டு மீட்டுங்கள். அடுத்த கம்பியை ஏழாம் மெட்டின் மேலே. அழுத்தக் கூடாது. இரண்டையும் ஒருசேர ஒலிக்க விடுங்கள். மணியோசைபோல் இரண்டு மெல்லிய ஒலி எழுந்தன. அவை ஒன்றோடொன்று உரசி அலையலையாக நடுங்கின. “அந்த நடுக்கம் கேக்குதா? ரெண்டும் சேரலன்னு அர்த்தம். ரெண்டாவது முளைய மெல்லத் திருப்புங்க.”

திருப்பினோம். நடுக்கம் மெதுவாயிற்று.

“இன்னுங் கொஞ்சம் மாமா” என்றான்.